டைரியைப் பின்பக்கத்திலிருந்து படித்தவள்

பகுதி சுகாதார செவிலியராகப் புதிதாகப் பதவி உயர்வு பெற்றிருக்கும் தங்கைகளுக்கு,

போன மாதம் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் என்னையும் சேர்த்து, "மேடம், நம்மள நாமே வளத்துக்கவும் தலைமைப் பண்புக்கும் என்னென்ன புத்தகம் படிக்கலாம்னு ஒரு லிஸ்ட் போடுங்க" என்று கேட்டிருந்தீர்கள். கேட்ட பெண்ணை எனக்கு முன்பின் தெரியாது. அவளுக்கு என்னைத் தெரிந்திருக்கிறது. நம் மாவட்டத்தில் துறையின் பழைய ஆட்களிடம் ‘புத்தக மேடம்’ என்றால் போதும், அரூரில் என் வீட்டுக்கு எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்பது வரைக்கும் சொல்லிவிடுவார்கள். முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தவளுக்கு மிஞ்சிய பெயர் அது. அந்தப் பெயரைக் கேட்டால் இப்போது எனக்கு உடம்பு கூசுகிறது. ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அதைப் படித்த பிறகும் என்னிடம் லிஸ்ட் வேண்டும் என்றால் தருகிறேன்.

உங்கள் பதவி உயர்வுப் பட்டியலில் இருந்திருக்க வேண்டிய ஒருத்தி அதில் இல்லை. அவளை ரேவதி என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயர் வேறு. அவளுடைய பணிப்பதிவேட்டில் ஒரு தண்டனை ஏறியிருக்கிறது. கர்ப்பிணித் தாய் ஒருத்தியின் ஆபத்தான நிலையை மேலதிகாரிக்குத் தெரிவிக்கத் தவறினார் என்று அதில் எழுதியிருக்கும். அந்த மேலதிகாரி நான்தான். ரேவதி தெரிவிக்கத் தவறவில்லை.

நான் பகுதி செவிலியராகி இரண்டாவது வருடம், சென்னையில் ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சி கொடுத்தவர் காதோரம் மைக் மாட்டிக்கொண்டு மேடையில் இப்படியும் அப்படியும் நடந்துகொண்டே பேசினார். நம்மைப் பார்த்து ‘லீடர்ஸ்’ என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர். அதுவரைக்கும் என்னை எல்லோரும் கூப்பிட்டது, "ஏம்மா, அந்த ரிப்போர்ட் எங்கம்மா?" என்றுதான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கடைசி நாள் அவர் பத்துப் புத்தகங்களின் பெயர்களைச் சொன்னார். தமிழில் கிடைத்த ஏழு புத்தகங்களை அன்று சாயங்காலமே வாங்கி, புடவைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தேன்.

அவற்றைக் குறை சொல்ல வரவில்லை. அரூருக்கும் பாப்பிரெட்டிப்பட்டிக்கும் நடுவில் பஸ்ஸில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தேன். நிறுத்தம் தாண்டிப் போய் திரும்பி நடந்த நாளும் உண்டு. பெரிய பெரிய கம்பெனி நடத்தியவர்கள் எழுதியவை. நேரத்தை எப்படிப் பிரிப்பது, கோபத்தை எப்படி அடக்குவது, கீழே இருப்பவர்களை எப்படி வளர்ப்பது என்று அடுக்கடுக்காகச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அதெல்லாம் நிஜமாகவே பிடித்திருந்தது. படிக்காமல் வீணடித்த வருடங்களை நினைத்து வருத்தம்கூட வந்தது.

எனக்குக் கீழே அப்போது ஆறு கிராம சுகாதார செவிலியர்கள். மாதக் கூட்டத்தில் முதல் ஒரு மணி நேரம் வாசிப்பு என்று வைத்தேன். ஆளுக்கு ஓர் அத்தியாயம். படித்து, ஒரு பக்கத்துக்குச் சுருக்கி எழுதி, எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும். முதல் கூட்டத்தில் நான், "விடியக்காலைல எந்திரிச்சா வாழ்க்கையே மாறும்னு போட்டிருக்காங்க பாருங்க" என்று சொன்னதும், அவர்களில் வாய்த்துடுக்கான ஒருத்தி, "மேடம், நாங்க விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சிதானுங்க சோறாக்கறோம், இன்னும் ஒண்ணும் மாறலீங்களே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்காவது கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

தனி நோட்டுப் போடச் சொன்னால் மறந்துவிட்டு வந்தார்கள். அதனால் ஓர் ஏற்பாடு செய்தேன். நம் டைரி உங்களுக்குத் தெரியும். அன்றன்று எந்த ஊருக்குப் போனோம், யாரைப் பார்த்தோம், யாருக்கு என்ன ஆபத்து என்று செவிலியர் எழுதுவது. வருடம் முழுவதற்கும் ஒரே டைரி. மாதக் கடைசியில் பகுதி செவிலியரிடம் வரும், பார்த்துக் கையெழுத்துப் போட்டு நான்கைந்து நாளில் திரும்பப் போகும். அந்த டைரியையே திருப்பிப் போட்டு, கடைசிப் பக்கத்திலிருந்து புத்தகச் சுருக்கத்தை எழுதச் சொன்னேன். ஒரே டைரியில் முன்பக்கம் வேலை, பின்பக்கம் வாசிப்பு. பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. டைரிகள் வந்ததும் நான் எல்லாவற்றையும் முதலில் திருப்பிப் போட்டுக்கொள்வேன். பின்பக்கத்தைச் சிவப்புப் பேனா வைத்துக்கொண்டு வரி வரியாகப் படிப்பேன். பிழை திருத்துவேன், ‘நன்று’ போடுவேன், ரொம்பப் பிடித்தால் நட்சத்திரம் போடுவேன். முன்பக்கம் வரும்போது தேதி இருக்கிறதா, கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். ‘பார்வையிடப்பட்டது’ என்று எழுதி ஒரு கையெழுத்து. ஆறு டைரியின் முன்பக்கமும் சேர்ந்து கால் மணி நேரம் ஆகாது. எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நானும் ரொம்ப நாள் அதைச் சொல்லித்தான் தூங்கினேன்.

எங்கள் வாசிப்பு மணி நேரத்தை மேலே இருந்து வந்த ஓர் அதிகாரி பார்த்துப் பாராட்டினார். போட்டோ எடுத்தார்கள். மற்ற வட்டாரங்களில் இருந்து போன் செய்து எப்படி நடத்துகிறீர்கள் என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை.

ரேவதி மலை மேலே இருந்த துணை சுகாதார நிலையத்தைப் பார்த்துக்கொண்டாள். பாலக்கோடு பக்கத்துக்காரி, வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். தமிழை விரல் வைத்துத்தான் வாசிப்பாள், நடுவில் தடுமாறுவாள். நான் எல்லோர் முன்னாலும் திருத்துவேன். வாரத்தில் நான்கு நாள் மலையிலேயே தங்குவாள். பெண் குழந்தை பாப்பிரெட்டிப்பட்டியில் அவள் அம்மாவோடு இருந்து பள்ளிக்கூடம் போனது. அதிகம் பேசாதவள் என்று அவளைப் பற்றி நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆரம்பத்தில் அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள். ஒரே வாரத்தில் மூன்று தடவை போன் செய்தபோது நான், "எதுக்கெடுத்தாலும் போன் பண்ணாதம்மா. லீடர்னா தானா முடிவெடுக்கணும். சொல்ல வேண்டியத டைரில எழுது, நான் பாக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதன் பிறகு அவள் போன் செய்வதில்லை. நான் அதை வளர்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு மாதக் கூட்டத்தில் வாசிப்பு தொடங்கும் முன் எழுந்து நின்றாள். "மேடம், ஒரு விசயம் சொல்லணுங்க. மலைல ஒரு ஏ.என். மதர், மாசமா இருக்கு..." நான் கையைக் காட்டி உட்காரச் சொன்னேன். "மொதல்ல வாசிப்பு முடியட்டும். எதுக்கும் ஒரு ஒழுங்கு வேணும்." அன்றைக்கு வாசிப்பும் அதன் மேல் நான் செய்த பிரசங்கமும் சேர்ந்து இரண்டு மணி நேரம் ஓடிவிட்டன. மலைக்குப் போகும் பஸ்ஸை விட்டால் மறுநாள்தான். அவள் வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். நான் யாரிடமோ போட்டோவைக் காட்டிக்கொண்டிருந்தேன். ஓடிப்போய் பஸ் ஏறிவிட்டாள்.

அடுத்த மாதம் டைரிகள் என்னிடம் வந்து இரண்டு நாள் ஆகியிருக்கும். என் அக்கா மகள் நிச்சயதார்த்தத்துக்காகச் சேலம் போக, காலை ரயிலுக்குப் பொம்மிடியில் நின்றுகொண்டிருந்தேன். ரேவதியிடமிருந்து போன் வந்தது. பின்னால் ஜீப் சத்தம். "மேடம், சின்னப்பொண்ணுக்கு ஃபிட்ஸ் வந்துருச்சிங்க. எட்டு மாசம். ஊசி போட்டுட்டேன். கீழ எறக்கிகிட்டு வரோம், ஆம்புலன்ஸ பாதி வழிக்கு வரச் சொல்லுங்க." அது யார் பெயர் என்றே தெரியாமல், எந்தச் சின்னப்பொண்ணு என்று நான் கேட்டேன். "அந்த ஏ.என். மதருங்க மேடம்" என்றாள்.

சேலம் போகவில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு நேராகத் தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். தாய் பிழைத்துக்கொண்டாள். நினைவு திரும்ப இரண்டு நாள் ஆனது. குழந்தை வயிற்றிலேயே இறந்திருந்தது. ஆண் குழந்தை. ரேவதியின் வலது கையில் பல் பட்ட காயம் இருந்தது. ஜீப்பில் வளைவுக்கு வளைவு அந்தப் பெண்ணை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டே வந்ததில் பட்டதாம். டாக்டர்கள், அந்த ஊசியும் அந்தப் பிடியும் இல்லையென்றால் தாயும் போயிருப்பாள் என்றார்கள்.

இப்படி நடந்தால் விசாரணைக் கூட்டம் உண்டு. ஏன் முன்கூட்டியே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவில்லை என்று கேட்பார்கள். அன்று மாலை நான் அலுவலகத்துக்குத் திரும்பி, பீரோவைத் திறந்து ரேவதியின் டைரியை எடுத்தேன். முதல் தடவையாக அதை முன்பக்கத்திலிருந்து படித்தேன்.

‘சின்னப்பொண்ணு, ஆறாம் மாதம். பிரஷர் கூடியிருக்கிறது. கால் வீக்கம். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். மாமனார் அனுப்ப மறுக்கிறார்.’ இரண்டு வாரம் கழித்து இன்னொன்று. ‘மீண்டும் போனேன். கீழே கூட்டிப்போன என் மகள் பிரசவத்தில் திரும்பி வரவில்லை என்று மாமனார் அழுகிறார். பெரிய நர்சம்மா நேரில் வந்து பொறுப்பு சொன்னால் அனுப்புகிறேன் என்கிறார். மேடம் ஒரு முறை வரும்படி கேட்டுக்கொள்கிறேன்.’ அடுத்த மாதப் பக்கத்தில் மூன்றாவது. ‘பிரஷர் இன்னும் கூடிவிட்டது. தலைவலி என்கிறாள். மேடம் எப்போது வருவார்கள் என்று வீட்டில் கேட்கிறார்கள். என்னால் தேதி சொல்ல முடியவில்லை.’ முதல் இரண்டுக்கும் கீழே என் கையெழுத்து. மூன்றாவதுக்கு அந்த இரண்டு நாளில் போட்டிருக்கவில்லை. போட்டிருந்தாலும் படித்திருக்க மாட்டேன்.

மறுக்கும் வீட்டுக்கு நேரில் போய் நிற்பதுதான் பகுதி செவிலியரின் வேலையே. அதற்குத்தான் நமக்குப் பதவி. மலைக்குப் போய்வர ஒரு நாள் முழுதாகப் போய்விடும் என்று ஐந்து மாதமாக நான் அங்கே போகவே இல்லை.

அப்போதுகூட எனக்கு ஒரு சமாதானம் இருந்தது. படிக்கவில்லை, தெரியாமல் போய்விட்டது. தப்புதான், ஆனால் தெரிந்து செய்த தப்பு இல்லை. அந்தச் சமாதானத்தோடு டைரியை மூடப் போனவள், பழக்கதோஷத்தில் திருப்பிப் போட்டுவிட்டேன்.

பின்பக்கத்தில், இரண்டு மாதத்துக்கு முன்னால் அவளுக்குக் கொடுத்த அத்தியாயத்தின் சுருக்கம். அதன் கடைசிப் பத்தி இப்படி இருந்தது. ‘உதாரணமாக, எங்கள் மலையில் ஒரு தாய்க்குப் பிரஷர் இருக்கிறது. நான் சொன்னால் அந்த வீட்டில் கேட்கவில்லை. மேலே இருப்பவர் ஒரு முறை வந்தால் கேட்பார்கள். சில நேரம் தலைவர் செய்ய வேண்டிய வேலை அங்கே போய் நிற்பது மட்டும்தான் என்று இந்தப் பாடத்தில் புரிந்துகொண்டேன்.’

அந்தப் பத்தியின் மேல் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில் என் கையெழுத்தில், ‘சொந்தக் கதை தேவையில்லை. புத்தகத்தில் உள்ளதை மட்டும் எழுதவும்.’

போனில் சொல்ல விடவில்லை. கூட்டத்தில் சொல்ல விடவில்லை. முன்பக்கத்தை நான் படிப்பதில்லை என்று அவளுக்குப் புரிந்திருக்கிறது. நான் ஒழுங்காகப் படிக்கும் ஒரே இடம் எது என்று பார்த்து, அங்கே கொண்டுவந்து எழுதியிருக்கிறாள். நான் படித்தேன். படித்துவிட்டுத்தான் அடித்தேன். அடுத்த மாதச் சுருக்கத்தில் அவள் புத்தகத்தில் உள்ளதை மட்டும் எழுதியிருந்தாள். அதற்கு நான், டைரிகள் வந்த அன்றைக்கே, நட்சத்திரம் போட்டிருந்தேன்.

நான்காம் நாள் சின்னப்பொண்ணைப் பார்க்க வார்டுக்குப் போனேன். இருபத்திரண்டு வயது. பால் கட்டிக்கொண்டு வலியில் இருந்தாள். கூட இருந்த மாமனார், ஒல்லியான பெரியவர், என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நர்ஸ் யாரோ நான் இன்னார் என்று சொல்லியிருக்க வேண்டும். "பெரிய நர்சம்மா நீங்கதானுங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "அந்த சின்ன நர்சம்மா உங்கள கூட்டியாரேன்னு சொல்லுச்சிங்க. பஸ்சு வர நேரத்துக்கு நாங்க ரோட்டுக்கு வந்து பாத்துகிட்டே இருப்போம்." கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். நான் பழம் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அதைக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆறாம் நாள் கூட்டம். அந்த ஆறு நாளும் நான் டைரியைக் கைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். கொடுத்துவிட வேண்டும் என்று காலையில் நினைப்பேன், மாலையில் வேறு மாதிரி நினைப்பேன். கையெழுத்து மட்டும் என்றால் கொடுத்திருப்பேன் என்று நினைக்கிறேன். வேலைப்பளு என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அந்தச் சிவப்புக் கோட்டுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

கூட்டத்துக்குத் தலைமை வகித்த டாக்டர் என் பக்கம் திரும்பி, "இந்த கேஸ பத்தி நர்ஸ் உங்ககிட்ட சொன்னாங்களா?" என்று கேட்டார்.

தங்கைகளே, நெருக்கடியில் முடிவெடுப்பது பற்றி நான் ஏழு புத்தகம் படித்திருந்தேன். அவற்றிலிருந்து ஆறு பேருக்குப் பாடம் நடத்தியவள். அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில் இதுதான். "வாயால எதுவும் சொல்லலீங்க சார்."

ரேவதி எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். கையில் கட்டு. "டைரில எழுதியிருக்கேன் சார்" என்றாள். டாக்டர் மறுபடியும் என்னைப் பார்த்தார். "டைரி எங்க?" என் கால்களுக்கு நடுவில், கைப்பைக்குள் இருந்தது. "மாசக் கடைசில எல்லாரோடதும் ஒண்ணா வந்ததுங்க சார். தேடி எடுத்துத் தரேன்" என்றேன்.

ரேவதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் அடுத்த விஷயத்துக்குப் போனார்.

அவளுக்கு மெமோ வந்தது. டைரி கேட்டு என்னிடம் இரண்டு தடவை வந்தாள். தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன். மூன்றாவது தடவை வரவில்லை. ஊதிய உயர்வை நிறுத்தி, வேறு வட்டாரத்துக்கு மாற்றினார்கள். பெண் குழந்தையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நடுவருடத்தில் பெயர்த்துக்கொண்டு போனாள். நான் வாசிப்பு மணி நேரத்தை நிறுத்திவிட்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நான் ஓய்வு பெற்றபோது எல்லோரும் சேர்ந்து எனக்கு ஒரு பெட்டி நிறையப் புத்தகம் கொடுத்து, மேடையில் வைத்து ‘புத்தக மேடம்’ என்று கைதட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டு வாங்கிக்கொண்டேன். இதை எழுதும்போது கூட முகம் எரிகிறது.

என்ன படிக்கலாம் என்று கேட்டீர்கள். புத்தகம் படியுங்கள், தாராளமாகப் படியுங்கள். அவற்றின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ‘முதலில் காது கொடுத்துக் கேள்’ என்று அதே புத்தகங்களில்தான் எழுதியிருந்தது. அந்த வரிக்கு அடியில் நான் கோடு போட்டுக்கூட வைத்திருக்கிறேன். ஆனால் உங்களுக்குக் கீழே இருப்பவள் உங்களுக்கு எழுதியதை அதற்கு முன்னால் படியுங்கள். கோணல் எழுத்தாக இருக்கும், ஒரே மாதிரி இருக்கும், அலுப்பாக இருக்கும். அதில் ஒரு ஊர்ப் பெயர் இரண்டு தடவை வந்தால் பஸ் ஏறுங்கள். யாராவது ஒருத்தி சம்பந்தமில்லாத இடத்தில் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தால், சம்பந்தப்பட்ட இடத்தை நீங்கள் அடைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். படிக்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் உங்களுக்கும் வரும். வேலை அப்படி. அது வந்தால், மாட்டிக்கொண்ட அன்றைக்காவது உண்மையைச் சொல்லுங்கள். குழந்தை போனதற்கு என் சோம்பலும் பெருமையும் காரணம். ரேவதியின் பெயர் போனதற்கு நான் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் காரணம். அதைச் சொல்லாமல் இருந்திருக்க எனக்கு ஆறு நாள் அவகாசம் இருந்தது.

உங்கள் செய்தி வந்த அன்று பதவி உயர்வுப் பட்டியலையும் குழுவில் போட்டிருந்தீர்கள். மேலிருந்து கீழே நான்கு தடவை பார்த்தேன். அவளோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை டைரியை எடுத்துக்கொண்டு பாலக்கோட்டுக்கு, அவள் வீட்டுக்குப் போனேன்.

ரேவதி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "வாங்க மேடம்" என்று நாற்காலி போட்டாள். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். டீ போடட்டுமா என்று கேட்கவில்லை. நம் பக்கத்தில் வீடு தேடி வந்தவளிடம் அதைக் கேட்காமல் இருப்பதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நான் டைரியை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

அவள் முன்பக்கத்தைத் திறக்கவே இல்லை. திருப்பிப் போட்டு, தேடாமல் அந்தப் பக்கத்தை எடுத்தாள். "இத நான் அப்பவே பாத்துட்டேன் மேடம். நீங்க டைரிய திருப்பிக் குடுத்தீங்களே, அன்னிக்கே."

அவள் பார்த்திருப்பாள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், இத்தனை வருடமும் அதை நினைக்காமலே தள்ளிவிட்டேன். "அப்ப மீட்டிங்ல ஏம்மா சொல்லல? மேடம் படிச்சிட்டுத்தான் அடிச்சாங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா டாக்டர் அங்கேயே கேட்டிருப்பாரே."

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துகிட்டிருந்தேங்க" என்றாள். "இப்ப சொல்லுவாங்க, இப்ப சொல்லுவாங்கன்னு பாத்தேன். அப்புறம் டாக்டர் வேற பேச்சுக்குப் போயிட்டாரு."

நான் அழுதேன். அவள் என் பக்கத்தில் வரவில்லை. "அழுவாதீங்க மேடம், உள்ள பாப்பா படிக்குது" என்று மட்டும் சொன்னாள். என்ன செய்யட்டும் சொல்லும்மா என்று கேட்டேன். டைரியை மூடி என்னிடமே நீட்டினாள். "எனக்கு என்னாத்துக்குங்க இது? குடுக்க வேண்டிய எடத்துல குடுங்க."

மறுநாள் கொடுத்துவிட்டேன். மூன்று பக்கத்துக்கு எழுதி, டைரியை இணைத்து, அலுவலகத்தில் ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். ஓய்வு பெற்ற பிறகு எதற்கு இந்த வேலை, பென்ஷனில் கை வைத்தால் என்ன செய்வாய் என்று கேட்ட மகன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவன் கேட்பதும் நியாயம்தான்.

வருகிற செவ்வாய்க்கிழமை விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. அன்றைக்கு டாக்டர் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்பார்கள். சொன்னாள் சார், என்னால் வாய் திறக்க முடியாமல் போனவள் நான்கு தடவை எழுதிச் சொன்னாள், அதில் ஒன்றை நான் படித்துவிட்டு அடித்தேன் என்று சொல்லப்போகிறேன். ரேவதியையும் அழைத்திருக்கிறார்கள். இன்னொரு தடவை அவளை என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார வைக்க மாட்டேன்.